செனட்டர் நீதிபதியாக அமர்ந்தபோது: ஒரு படைத்துறை வழக்கறிஞரின் இரட்டைப் பதவி

கொக்கெய்ன் பயன்படுத்திய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவரின் மேல்முறையீடு, விமானப்படையின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அதைக் கேட்ட அமர்வில் இருந்த நீதிபதிகளில் ஒருவர் விமானப்படையின் ரிசர்வ் அதிகாரி, அதாவது முழுநேரப் பணியில் இல்லாமல் தேவைப்படும்போது அழைக்கப்படுபவர். அதே காலத்தில் அவர் அமெரிக்க செனட்டின் உறுப்பினராகவும் இருந்தார். இது சரியா என்று வீரரின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். 2004இல் அந்த நீதிமன்றமே சரி என்றது. 2006இல் அதற்கு மேலுள்ள நீதிமன்றம் தவறு என்று தீர்ப்பளித்தது.

இதில் யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. தகுதியுள்ள ஒருவர், அவர் உட்காரக் கூடாத இருக்கையில் நல்ல நம்பிக்கையோடு உட்கார வைக்கப்பட்டார். அதனால்தான் இது ஆய்வுக்கு உரியது. பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ஆண்டுகளும் பதவிகளும் நீதிமன்றங்களும் உண்மையானவை.

பின்னணி: சிறுநீர்க் குப்பியில் தொடங்கிய பெயர்

செனட்டர் தெற்குக் கரோலினாக்காரர். 1981இல் சட்டப் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டு விமானப்படையின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவின் அமைப்பு தெரியாமல் பின்னால் வருவது புரியாது. தளபதிக்கு ஆலோசனை சொல்பவர், குற்றம் சாட்டி வாதாடுபவர், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவர், கோர்ட் மார்ஷல் என்ற படைத்துறை விசாரணை மன்றத்தின் நீதிபதி ஆகிய நால்வரும் ஒரே சீருடையில், ஒரே பிரிவில் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணி மாறும். இன்று எதிர்வாதம் செய்பவர் நாளை அரசுத் தரப்பில் நிற்பார். எதிர்வாத வழக்கறிஞரின் பதவி உயர்வு முகாம் தளபதியின் கையில் இருந்தால் வாதம் பலவீனப்படும் என்பதால், 1974 முதல் விமானப்படை எதிர்வாத வழக்கறிஞர்களைத் தளபதியின் கட்டுப்பாட்டிலிருந்து பிரித்துத் தனி வரிசையில் வைத்தது. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி படைத்துறைச் சட்டத்தின் மையக் கேள்வி. நம் வழக்கிலும் அதுதான் திரும்ப வருகிறது.

அவர் பணியில் சேர்ந்தபோது போதைப்பொருள் பரிசோதனை படைகள் முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. 1981 மே 26 அன்று நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் எச்சம் இருந்தது தெரியவந்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவைத் தண்டனை நடவடிக்கைக்கும் பயன்படுத்தலாம் என்று பாதுகாப்புத் துறை அனுமதித்தது. மாதிரிகள் ஆய்வகங்களில் வந்து குவிந்தன. ஆய்வகங்களோ அந்த அளவுக்குத் தயாராக இல்லை.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது, எங்கே கெடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீரரின் அடையாள அட்டை சரிபார்க்கப்படும். குப்பியில் ஒட்டும் சீட்டில் எண் எழுதி அவர் கையெழுத்திடுவார். அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் அருகில் நின்று, சிறுநீர் உடலிலிருந்து குப்பிக்குள் விழுவதை நேரில் பார்க்க வேண்டும். மூடி இறுக்கி, பிரித்தால் தெரியும் ஒட்டுநாடா சுற்றப்படும். அதற்குப் பிறகு குப்பி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் தேதியும் கையெழுத்தும் பதிவேட்டில் ஏறும். ஆய்வகத்தில் குப்பியிலிருந்து சிறு பகுதியை வேறு குழாயில் ஊற்றி, எதிர்ப்பொருள் முறையில் முதல் சோதனை செய்வார்கள். அதில் போதைப்பொருள் தென்பட்ட மாதிரி, வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலையும் சேர்ந்த உறுதிச் சோதனைக்குப் போகும். இப்போதைய படைத்துறை அளவில் கஞ்சாவின் வளர்சிதைப் பொருளுக்கு முதல் சோதனையில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமும் உறுதிச் சோதனையில் 15 நானோகிராமும் எல்லை. கொக்கெய்னின் வளர்சிதைப் பொருளுக்கு 150, 100.

கெடும் இடங்கள் பெரும்பாலும் வேதியியலில் இல்லை, கைவேலையில் இருக்கின்றன. சிறுநீரைக் குழாயில் ஊற்றும்போது இரண்டு குப்பிகளின் எண் மாறிப்போகும். பதிவேட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டு, இரண்டு நாள் குப்பி யாரிடம் இருந்தது என்பதே தெரியாமல் போகும். அடர்த்தியான மாதிரி ஓடிய கருவியைக் கழுவாமல் அடுத்ததை ஓட்டினால், முந்தையதன் எச்சம் அடுத்தவரின் கணக்கில் ஏறும். ஒவ்வொரு தொகுப்பிலும் வெற்று மாதிரியும் அளவு தெரிந்த மாதிரியும் ஓட வேண்டும்; அவசரத்தில் அவை விடுபடும், அல்லது அவை தவறிய பின்னும் முடிவு அனுப்பப்படும். எனவே எதிர்வாத வழக்கறிஞர் ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. அந்தத் தொகுப்பின் முழு ஆய்வகக் கோப்பையும், அந்த மாதத் தரக்கட்டுப்பாட்டு அறிக்கையையும், பிழை ஏற்பட்டபோது ஆய்வகம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகளையும் கேட்டு வாங்க வேண்டும்.

1984இல், பின்னாளில் செனட்டரான நம் வழக்கறிஞர், கஞ்சா பயன்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட விமானி ஒருவருக்காக வாதாடினார். விமானப்படையின் பரிசோதனைமுறையில் இருந்த குறைகள் அந்த வழக்கில் வெளிப்பட்டன. சிபிஎஸ் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் நிகழ்ச்சி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதே ஆண்டு அவர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் அருகிலிருந்த ரைன்-மைன் தளத்துக்கு மாறி, ஐரோப்பாவில் விமானப்படையின் தலைமை அரசு வழக்கறிஞர் பொறுப்பில் 1988 வரை இருந்தார். இரண்டு பக்கமும் நின்றவர் என்பதால் அவருக்குக் கிடைத்த மதிப்பு நியாயமானது. பின்னாளில் அவரை நீதிபதியாக்கலாம் என்று பொறுப்பாளர்களுக்குத் தோன்றியதற்கும் இந்த அனுபவமே அடிப்படை.

சீருடையைக் கழற்றாமல் அரசியல்

முழுநேரப் பணியிலிருந்து விலகியபின் மாநில விமானக் காவற்படையிலும், 1995 முதல் விமானப்படை ரிசர்விலும் தொடர்ந்தார். 1992இல் மாநிலச் சட்டமன்றம், 1994இல் பிரதிநிதிகள் சபை, 2002இல் செனட் என்று மூன்று தேர்தல்களில் வென்றார். 2003இல் செனட்டில் பதவியேற்றதும் படைத்துறைக் குழுவில் இடம் கிடைத்தது.

ரிசர்வ் அதிகாரியின் ஆண்டுக் கணக்கு புள்ளிகளில் ஓடுகிறது. நான்கு மணி நேரப் பணி ஒன்றுக்கு ஒரு புள்ளி. ரிசர்வில் பெயர் இருப்பதற்கே ஆண்டுக்கு 15 புள்ளி. 50 புள்ளி சேர்ந்தால் அந்த ஆண்டு ஓய்வூதியக் கணக்கில் சேரும், அப்படி 20 ஆண்டுகள் வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரைப் போருக்கு அழைத்துவிட்டால் தொகுதிக்குப் பிரதிநிதி இல்லாமல் போகும் என்பதால், அவர்களை உடனடி அழைப்புப் பிரிவில் வைக்காமல் காத்திருப்புப் பிரிவில் வைக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறையின் விதி சொல்கிறது. ஆக, இரட்டைப் பதவியில் சிக்கல் உண்டு என்பது துறைக்கு முன்பே தெரியும். ஆனால் துறை பார்த்தது ஒரு பக்கத்தைத்தான்: போர் வந்தால் சபை என்ன ஆகும் என்று விதி யோசித்தது, சபை உறுப்பினருக்குப் படைக்குள் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று யோசிக்கவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது, சட்டக் கருத்து எழுதுவது, கோப்புகளைப் பரிசீலிப்பது போன்ற வேலைகள் பொருந்தும். 1991 வளைகுடாப் போரின்போது அவரே தெற்குக் கரோலினாவின் மெக்கென்டயர் தளத்தில் இருந்தபடி, புறப்படும் விமானிகளுக்குப் போர்ச் சட்டம் பற்றி விளக்கியிருக்கிறார்.

நீதிபதிப் பணி

செனட்டில் இருந்துகொண்டே விமானப்படை குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிப் பணிக்கு அவர் அமர்த்தப்பட்டார். 2004இல் கர்னலாகப் பதவி உயர்ந்தார்.

இந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளை அமர்த்துபவர் விமானப்படையின் தலைமைச் சட்ட அதிகாரி. அக்காலத்தில் அவர்களுக்கு நிலையான பதவிக்காலம் கிடையாது, அமர்த்தியவரே மாற்றலாம். ஓர் அமர்வில் குறைந்தது மூன்று பேர் இருப்பார்கள். அக்காலச் சட்டப்படி, மரணம், நன்னடத்தைக் குறைவால் படைநீக்கம், ஓராண்டோ அதற்கு மேலோ சிறை போன்ற தண்டனை வந்தால் வழக்கு தானாகவே இங்கே வரும். இங்கே அமரும் நீதிபதிகள் சட்டப் பிழையை மட்டும் பார்ப்பவர்கள் அல்லர். படைத்துறை நீதிச் சட்டத்தின் 66ஆம் பிரிவு அவர்களுக்குச் சாட்சியத்தை மீண்டும் எடைபோடவும், சாட்சிகளின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கவும், தண்டனையைக் குறைக்கவும் அதிகாரம் கொடுத்திருந்தது. சாதாரண மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு இவ்வளவு அதிகாரம் இல்லை. ஒரு வீரரின் குற்றத்தீர்ப்பு நிற்குமா என்பதை இந்த மூவரின் சொந்த மனநிறைவு தீர்மானித்தது.

இப்போது யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று பாருங்கள். அமர்வில் உடன் இருப்பவர்கள் பணியில் உள்ள கர்னல்கள், லெப்டினன்ட் கர்னல்கள். அவர்களின் பதவி உயர்வுப் பட்டியல் செனட்டுக்குப் போகும். அதைப் படைத்துறைக் குழு பார்க்கும். அவர்களை அமர்த்திய தலைமைச் சட்ட அதிகாரியின் நியமனமும் செனட்டின் ஒப்புதலுக்கு வரும். நீதிமன்றம் இயங்கும் விதிகளை எழுதுவது காங்கிரஸ், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம். போதைப்பொருள் குற்றத்துக்கான 112அ பிரிவை எழுதியதும் காங்கிரஸ்தான். மூவரில் இளையவராக அமர்ந்தாலும் உடன் இருப்பவர்கள் அவரைச் சக நீதிபதியாக மட்டும் பார்ப்பது கடினம். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த நிலைமை மாறப்போவதில்லை.

எதிர்வாதத் தரப்பு எடுத்த முடிவு

அமர்வில் செனட்டர் இருக்கிறார் என்று தெரிந்ததும் வீரரின் வழக்கறிஞர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் இருந்துவிடுவது முதல் வழி. அது முட்டாள்தனம் அல்ல. ஆய்வகக் குறைகளை அம்பலப்படுத்திப் பெயர் பெற்ற நீதிபதி, போதைப்பொருள் வழக்கில் வீரருக்குச் சாதகமாகவே அமையலாம். தீர்ப்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு, பாதகமானால் அப்போது கிளப்புவது இரண்டாவது. அமர்வு தீர்ப்பு எழுதுவதற்கு முன்பே அவர் விலக வேண்டும் என்று எழுத்தில் கேட்பது மூன்றாவது.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். அதற்குச் சட்டக் காரணம் உண்டு. முறையாக நியமிக்கப்படாத நீதிபதிகள் அமர்ந்த படைத்துறை மேல்முறையீட்டு வழக்கு ஒன்றில், உரிய நேரத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தவருக்கு முறையான அமர்வின் முன் புதிய விசாரணை பெறும் உரிமை உண்டு என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதவியில் இருப்பதாக நம்பிச் செய்த செயல் செல்லும் என்ற பழைய கொள்கையைக் காட்டி அந்த உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் சொன்னது. உரிய நேரம் என்பதே அதில் முக்கியம். தீர்ப்பு வரும்வரை காத்திருந்து பிறகு கேட்டால், தோற்றதால் கேட்கிறார் என்ற பதில் வரும்.

இன்னொரு நுணுக்கம், எதிர்ப்பின் அடிப்படை. செனட்டர் பக்கச்சார்பு உடையவர் என்று சொல்லியிருந்தால் அதற்கு ஆதாரம் தேவைப்பட்டிருக்கும். அப்படி ஓர் ஆதாரம் இல்லை. தனக்குப் பக்கச்சார்பு இல்லை என்று நீதிபதி ஒரு பத்தியில் எழுதினால் மனு முடிந்துபோகும். அரசியலமைப்பு இந்த இரண்டு பதவிகளையும் ஒருவரிடம் சேர அனுமதிக்கவில்லை என்ற வாதத்துக்கு அவர் குணம் பொருட்டே அல்ல. வாதம் அந்தத் தளத்தில் நின்றதுதான் வழக்கைக் காப்பாற்றியது.

அரசியலமைப்பின் ஒரு வரி

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பகுதி, ஆறாம் பிரிவின் இரண்டாம் கூறு, அமெரிக்க அரசின் கீழ் எந்தப் பதவியையும் வகிப்பவர் அந்தப் பதவியில் இருக்கும்வரை எந்தச் சபையிலும் உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது. இந்திய வாசகர்களுக்கு இது 102ஆம் பிரிவின் ஆதாயம் தரும் பதவியை நினைவூட்டும். ஆனால் அமெரிக்க விதியில் இந்தப் பதவியால் ஆதாயம் உண்டா என்ற கேள்வியே கிடையாது. பதவியா, இல்லையா என்பது மட்டும்தான்.

ஆங்கிலேய மன்னர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பதவிகளைக் கொடுத்து அவர்களின் வாக்குகளை வாங்கிய அனுபவத்திலிருந்து 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் இந்த வரி எழுந்தது. அதைக் கடுமையாகப் பின்பற்றிய நாளும் உண்டு. கொலம்பியா மாவட்டக் குடிப்படையில் மேஜர் பதவியை ஏற்ற நியூயார்க் பிரதிநிதி ஒருவரின் இடத்தை 1803 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை காலி என்று அறிவித்தது. அவருக்கு அது ஒரு கௌரவப் பதவிதான். சபை அதை ஏற்கவில்லை.

பிறகு வழக்கம் தளர்ந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் காங்கிரஸ் உறுப்பினர்கள் 130 பேர் ரிசர்வில் இருந்தனர் என்று ஓர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 1974இல் உச்ச நீதிமன்றமோ, வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தனிப்பட்ட பாதிப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. ரிசர்வில் இருப்பது சரியா தவறா என்று சொல்லவே இல்லை. 1977இல் நீதித்துறை அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம், இந்த வரிக்குப் பொருள் சொல்லி நடைமுறைப்படுத்துவது காங்கிரஸின் பொறுப்பு என்று எழுதி விலகிக்கொண்டது. காங்கிரஸ் தன் உறுப்பினர்களைத் தானே வெளியேற்றுமா? யாரும் கேட்காமலே முப்பது ஆண்டுகள் ஓடின.

அந்த வீரரின் வழக்கு இந்த முட்டுக்கட்டையை உடைத்ததற்குக் காரணம் எளிது. அவருக்குத் தனிப்பட்ட பாதிப்பு இருந்தது. அவருடைய குற்றத்தீர்ப்பையே ஒரு செனட்டர் எடைபோட்டார்.

2004: முதல் முடிவு

விலகக் கோரிய மனு ஏற்கப்படவில்லை. செனட்டர் அமர்வில் தொடர்ந்தார், குற்றத்தீர்ப்பு உறுதியானது. இந்த நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்க்கக் கூடிய வாதங்கள் இருந்தன. பணியில் இல்லாத ரிசர்வ் அதிகாரியை, அந்தத் தகுதி ஒன்றைக் காரணமாகக் காட்டி அரசுப் பதவி வகிப்பவராகக் கருதக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பில் ஒரு பிரிவு உண்டு. காங்கிரஸ் உறுப்பினர்கள் ரிசர்வில் இருந்துவந்த நீண்ட வழக்கம் உண்டு. செனட் ஒருபோதும் ஆட்சேபித்ததில்லை.

அந்தப் பிரிவு அதிகாரியின் தகுதியைப் பற்றிப் பேசுகிறது. அவர் செய்யும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. அதோடு, சாதாரணச் சட்டம் எதுவும் அரசியலமைப்பு மூடிய கதவைத் திறக்க முடியாது.

எங்கள் கணிப்பில் இங்கேதான் மிக மலிவான தீர்வு கைநழுவியது. எதிர்ப்பு மனு வந்த நாளிலேயே தலைமைச் சட்ட அதிகாரி வேறொருவரை அமர்த்தியிருக்கலாம். கொள்கையளவில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு கையெழுத்துப் போதும். அல்லது செனட்டரே அந்த ஒரு வழக்கிலிருந்து விலகியிருக்கலாம். இரண்டும் நடக்காததால் ஒரு நியமனக் கேள்வி, ஒரு வீரரின் வழக்கின் மேல் இரண்டு ஆண்டுகள் ஏறி உட்கார்ந்தது.

2006: மேல் நீதிமன்றம்

படைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து குடிமக்கள் நீதிபதிகள். ஒவ்வொருவருக்கும் 15 ஆண்டுப் பதவிக்காலம். யாரும் சீருடை அணிந்தவர் அல்லர். இவர்கள் செனட்டின் ஒப்புதலோடு வந்தவர்கள்தான், ஆனால் வந்தபின் பதவி உயர்வுக்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. 2006 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.

அதற்கான படிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் முன்பே இருந்தன. படைத்துறை நீதிபதிகள் அரசியலமைப்பின் பொருளில் அதிகாரிகள் என்பதை 1994இல் வந்த தீர்ப்பு ஏற்றிருந்தது. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளும் அப்படியே என்று 1997இல் வந்த தீர்ப்பு இன்னும் தெளிவாகச் சொன்னது. நியமனம் செல்லுமா என்ற கேள்விக்காக அது பதவி என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டபின், செனட்டர் அங்கே அமர்ந்ததும் அது பதவியே அல்ல என்று சொல்ல வழியில்லை. காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அதே நேரத்தில் மேல்முறையீட்டுப் படைத்துறை நீதிபதியாக அமர முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை நீக்கி, முறையான அமர்வு வழக்கைப் புதிதாகப் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். காங்கிரஸ் உறுப்பினர் ரிசர்வில் இருக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. செனட்டர் தவறாக நடந்தார் என்றும் சொல்லவில்லை. வீரர் நிரபராதி என்றும் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது புதிய பரிசீலனை மட்டுமே. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு பேசுவதை அடிக்கடி காண்கிறோம்.

பிறகு நடந்தவை

அதே செப்டம்பரில் செனட்டர் தம் உண்மையான இருக்கையில் பெரிய வேலை ஒன்றில் இருந்தார். கியூபாவில் உள்ள குவாண்டனாமோ அமெரிக்கத் தளத்தில் அடைக்கப்பட்டிருந்த கைதிகளை விசாரிக்க அமைத்த படைத்துறை ஆணையங்கள் செல்லாது என்று 2006 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. புதிய சட்டம் தேவைப்பட்டது. ஜூலையில் படைகளின் தலைமைச் சட்ட அதிகாரிகள் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் மறைத்த ஆதாரத்தைக் கொண்டு அவரைத் தண்டிக்கக் கூடாது, கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்தக் கோரும் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவைக் குறுக்கக் கூடாது என்று இவரும் குழுவின் மூத்த உறுப்பினர்கள் இருவரும் தங்கள் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க அதிபரோடு வெளிப்படையாக மோதினார்கள். 2005 ஜூலையில், கடுமையான விசாரணை முறைகளை எதிர்த்துப் படைத்துறை வழக்கறிஞர்கள் 2003இல் எழுதியிருந்த குறிப்புகளைப் பொதுவில் வைத்தவரும் இவரே. படைத்துறை வழக்கறிஞராக அவர் பெற்ற அறிவுக்கு நாடாளுமன்றத்தில் இருந்த பயன் இதுதான். அதற்கு நீதிபதி இருக்கை தேவைப்படவில்லை.

அந்த அறிவு எப்போதும் ஒரே திசையில் இழுக்கவும் இல்லை. 2005 இறுதியில் வந்த கைதிகள் நடத்தைச் சட்டத்தில், குவாண்டனாமோ கைதிகள் ஆட்கொணர்வு மனு போடும் வழியை அடைத்த திருத்தத்தை முன்வைத்தவர்களில் இவரும் ஒருவர். 2006 அக்டோபரில் கையெழுத்தான படைத்துறை ஆணையச் சட்டம் அந்தத் தடையை நீட்டித்தது. 2008 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பிரிவில் அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஒரே சட்டத்தை எழுதியவரும் அதன்கீழ் தீர்ப்பு சொல்பவரும் ஏன் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ரிசர்வ் பணி தொடர்ந்தது. 2007இல் இராக்கிலும் 2009 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானிலும் செனட் விடுமுறைக் காலங்களில் குறுகிய பணிக்குப் போனார். கைதிகளின் நிலை, சட்டத்தின் ஆட்சி தொடர்பான ஆலோசனை வேலை. 2015இல், 60 வயதில் கர்னலாக ஓய்வு பெற்றார்.

மாற வேண்டியவை

நியமன உத்தரவு எழுதும் அலுவலகம் ஆளின் தகுதிச் சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன் அந்த வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும். கற்பிப்பது, ஆலோசனை சொல்வது, வரைவு எழுதுவது ஆகியவற்றில் இன்னொருவர் இறுதி முடிவை எடுக்கிறார். தீர்ப்பளிப்பது, தண்டனை குறைப்பது, வழக்குத் தொடரலாமா என்று தீர்மானிப்பது ஆகியவற்றில் அந்த அதிகாரியே முடிவு. சட்டமன்றப் பதவியில் இருப்பவருக்கு இரண்டாவது வகை வேலையைக் கொடுக்கவே கூடாது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ரிசர்வ் அதிகாரி ஆண்டுதோறும் நிரப்பும் படிவத்தில், வேறு எந்த அரசுப் பதவியில் இருக்கிறார், அந்தப் பதவியின்வழி இந்த நீதிமன்றத்தின் நிதி, நியமனம், பதவி உயர்வு மேல் அவருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்விகளைச் சேர்த்தால் போதும். பதில் ஆம் என்றால் உத்தரவு நிற்கும்.

அமர்வில் யார் இருக்கிறார்கள் என்பதை வழக்கு பட்டியலில் ஏறும் நாளிலேயே இரு தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால், உரிய நேரத்தில் எதிர்ப்பு என்ற நிபந்தனையை நிறைவேற்ற எந்த வழக்கறிஞராலும் முடியாது.

எதிர்ப்பு வந்தால் அதை அந்த நீதிபதியும் அவருடைய சகாக்களும் தீர்மானிக்கும் முறையும் மாற வேண்டும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்கும் ஒரு லெப்டினன்ட் கர்னலிடம், செனட்டர் இங்கே அமரலாமா என்று கேட்பது அவருக்கும் நியாயமல்ல. அமைப்பு சார்ந்த எதிர்ப்பு எழுந்த உடனே அந்த நீதிபதியை அந்த வழக்கிலிருந்து தற்காலிகமாக மாற்றிவிட்டு, கேள்வியை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்ப ஒரு வழி வேண்டும். 67ஆம் பிரிவு தலைமைச் சட்ட அதிகாரிக்கு வழக்கை மேலே அனுப்பும் அதிகாரம் கொடுக்கிறது, ஆனால் அது கீழ் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபின்.

எதிர்வாத வழக்கறிஞர்களுக்கு: அமர்வின் பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொரு நீதிபதியும் அன்றைய தேதியில் வகிக்கும் எல்லாப் பதவிகளையும் எழுதிப் பாருங்கள். பக்கச்சார்பு மனுவையும் பதவி முரண் மனுவையும் ஒன்றில் கலக்காமல் தனித்தனியாகப் போடுங்கள், ஏனெனில் முதலாவது தள்ளுபடியானால் இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளிவிட வசதியாகிவிடும். மனுவில் தேதி, நாள், அமர்வு அறிவிப்பு கிடைத்த நேரம் மூன்றும் இருக்கட்டும். சிறுநீர்க் குப்பி கைமாறிய பதிவேட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டதா என்று தேடும் அதே பொறுமையோடு, நீதிபதியை அந்த இருக்கைக்கு அனுப்பிய உத்தரவையும் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

நீதிமன்றப் பதிவகங்களுக்கு ஒரு வேலை உண்டு. இப்படி ஒரு நியமனம் செல்லாது என்று தீர்ப்பானதும், அந்த நீதிபதி அமர்ந்த எல்லா வழக்குகளையும் எடுத்து, எவற்றில் எதிர்ப்பு பதிவானது, எவை இன்னும் மேல்முறையீட்டுக் காலத்துக்குள் இருக்கின்றன, எந்த வீரர் இன்னும் சிறையில் இருக்கிறார் என்று பிரித்து, கடைசி வகையினருக்கு முதலில் கடிதம் அனுப்ப வேண்டும்.